ரெமிஜியூஸ் பேரில் வந்த கார்

கோரைத்துறைக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசையைக் குழப்பித்தான் ஒவ்வொரு விசாரணையிலும் எங்களைத் தோற்கடித்தார்கள்.

முதலாவது, துறைமுகச் சுவர். கடலுக்குப் போகிற எங்கள் பாதையின் குறுக்கே அதைக் கட்டியபோது ஊர்மக்களின் சம்மதம் பெறப்பட்டது என்று எழுதி, சம்மதித்தவர்கள் என்று நாற்பது பேரைப் பட்டியல் போட்டிருந்தார்கள். அதில் பதினொரு பேர் அதற்கு முன்பே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டவர்கள். இரண்டாவது, உப்பளம். அங்கே வேலை செய்த பெண்கள் எல்லோரையும் பங்குதாரர்கள் என்று எழுதிக்கொண்டு, பங்குதாரருக்குக் கூலி கிடையாது என்று சொன்னார்கள். மூன்றாவது, சங்க அங்கீகாரத் தேர்தல். ஓட்டுப் போட நாங்கள் போனபோது எங்கள் ஓட்டுகள் காலையிலேயே போடப்பட்டிருந்தன. நான்காவது, டீசல் அட்டை. படகே இல்லாதவர்கள் பேரில் படகைப் பதிந்து, மானிய டீசலை லாரிகளுக்கு ஊற்றினார்கள். ஐந்தாவது, சாட்சிக் கையெழுத்து. துறைமுக வாசலில் வேலைக்குக் காத்து நிற்கிற எவனையாவது கூப்பிட்டு, டீயும் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்து, சுங்க அதிகாரிகள் எழுதும் பறிமுதல் மகஜரில் சாட்சியாகக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அவன் பொருளையும் பார்த்திருக்க மாட்டான், மகஜரை அவனுக்கு யாரும் வாசித்துக் காட்டியும் இருக்க மாட்டார்கள்.

ஆறாவது, கார்.

முதல் ஐந்துக்கும் நாங்கள் கோபப்பட்டோம். துண்டுப் பிரசுரம் அடித்தோம், மறியல் செய்தோம், மண்டை உடைபட்டோம். ஆறாவதற்குப் பயந்தோம். பயந்ததை மறைக்காமல் எழுதுவதுதான் நியாயம்.

ரெமிஜியூஸ் கொர்னேல் பதினொரு வருஷம் வளைகுடாவில் வெல்டராக இருந்து, இரண்டு பெட்டியோடும் தீராத முதுகுவலியோடும் ஊர் திரும்பியவன். மனைவி பெபின், ஆறு வயசு மகள் ரோசிலா, சுவரை ஒட்டிய மூன்றாம் தெருவில் ஓட்டு வீடு, வீட்டுக்கு முன்னால் வலை காயப்போடுகிற அளவுக்குக் கொஞ்சம் வெற்றிடம். வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புகிறவன், அங்கே தான் வைத்திருந்த காரைக் கூடவே கொண்டுவரலாம் என்று சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது. அந்தச் சலுகைக்கு ஒரு பாஸ்போர்ட் வேண்டும். கார் யாருக்கு வேண்டுமோ அவரிடம் அந்தப் பாஸ்போர்ட் இருப்பதில்லை. அதனால் துறைமுகத்துச் சரக்கு ஏஜெண்டு (ஊரில் அவரை அப்படித்தான் சொல்வோம், பேர் சொல்வதில்லை), ஏலத்துக்கு வந்த மீனைப் பார்ப்பதுபோல, ஊர் திரும்புகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

பேச்சு நடந்தது எங்கள் சங்க அலுவலகத்தில்.

"பேரைத்தானய்யா கேக்கேன், கிட்னியவா கேக்கேன்?" என்றார் ஏஜெண்டு.

"எனக்கு அந்தக் காரைத் தெரியவே தெரியாதே," என்றான் ரெமிஜியூஸ். "அங்க நான் கம்பெனி பஸ்ஸுல நின்னுகிட்டே போய்ட்டு வந்தவன்."

"கல்யாணத்துக்கு முன்ன பெபினை ஒனக்குத் தெரியுமாடே? கோயில்ல கையெழுத்துப் போட்டியா இல்லையா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கிரேன் ஓட்டுகிற வேலை ஒன்று ரெமிஜியூஸுக்குக் காத்திருப்பதாக ஏஜெண்டு சொன்னார். உட்கார்ந்து செய்கிற வேலை, முதுகு வலிக்காது. அந்த வாகனத்தை ரெமிஜியூஸ் வெளிநாட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் சொந்த உபயோகத்தில் வைத்திருந்தது தனக்கு நேரடியாகத் தெரியும் என்று சங்கத்தின் தாளில் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன், சுமைப்பணித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் ஆவுடைநாயகம், அதாவது நான். மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த சங்கக் கட்டடத்துக்கு ஏஜெண்டு தகரக் கூரை போட்டுக் கொடுத்திருந்தார். இந்த அநியாயத்தை வரிசையில் எத்தனையாவதாக வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பங்குனி மாதம் ஒரு உச்சிவெயிலில் கார் வந்து இறங்கியது. கரும்பச்சை நிறம், ரெமிஜியூஸின் வீட்டைவிட ஒரு முழம் நீளம், ஸ்டியரிங் இடப்பக்கம். இந்த நாட்டு ரோட்டில் ஓட வேண்டுமென்றால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி; அதற்காக அவர்கள் காரை மாற்றவில்லை, காரின் போட்டோவைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பி மனுவோடு ஒட்டியிருந்தார்கள். போட்டோவில் நம்பர் பலகையின் எழுத்துகளும் திரும்பியிருந்ததை எந்த அதிகாரியும் பார்க்கவில்லை. "ரெண்டு வருஷம் விக்கக் கூடாதுன்னு சட்டம். அதுவரைக்கும் ஒன் வாசல்லயே நிக்கட்டும், பெறகு நான் எடுத்துக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டு ஏஜெண்டு சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு, எதிர்ப்புறம் டீக்கடை வைத்திருக்கும் மீராசா, "ஏல ரெமிஜியூஸ், டீ ஆறுது!" என்று கூப்பிட்டார். காரின் முன்விளக்குகள் இரண்டு தடவை மினுங்கின. இடப்பக்கக் கதவு தானாகத் திறந்தது. நாலடி தூரத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ரெமிஜியூஸ் தலை நிமிரவில்லை. மீராசா இன்னொரு தடவை கூப்பிட்டார். விளக்கு மினுங்கியது. மூன்றாவது தடவை, கிளாஸை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய் அவன் தோளைத் தொட்டார்.

"ஒன்னக் கூப்பிட்டா அது ஏன்ல கதவத் தொறக்கு?"

"கூப்பிட்டியளா?" என்றான் ரெமிஜியூஸ்.

இவ்வளவுதான் நடந்தது. ஏன் நடந்தது என்று கேட்டுக்கொண்டு நாங்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கொடுத்த பேர் கொடுத்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, இதில் ஆராய என்ன இருக்கிறது என்பதுதான் ஊரின் எண்ணமாக இருந்தது.

முதல் வாரம் வேடிக்கை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சுவரோரம் வரிசையாக நின்று பேரைக் கூவிவிட்டு ஓடினார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் மீராசா கடையில் ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள். பங்குச்சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தபோது காரின் வைப்பர் இரண்டு தடவை அசைந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஓய்ந்தது. இரண்டாம் வாரம் உபயோகம். கரண்ட் போனால் மீராசா கல்லாவில் இருந்தபடியே ஒரு குரல் கொடுப்பார், தெரு முழுக்க வெளிச்சம் வரும். ஆனால் அந்த விளக்கு வேறு நாட்டு ரோட்டுக்குச் செய்த விளக்கு, வழியைக் காட்டாமல் எதிரே வருகிறவன் கண்ணில் அடித்தது, சைக்கிளில் வந்த இரண்டு பேர் சாக்கடையில் விழுந்து எழுந்தார்கள். மூன்றாம் வாரம் ரேஷன் கடையில் பெபின் அட்டையை நீட்டியபோது, குடும்பத் தலைவர் என்ற இடத்துக்கு நேரே வெள்ளையாக இருந்தது. வாக்காளர் பட்டியலில் ஒரு வரி இடைவெளி. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் தேதி இருந்தது, தாய் தகப்பன் இருந்தார்கள், யாருக்கு ஞானஸ்நானம் என்பது மட்டும் இல்லை. ஆனால் கார் இறக்குமதியின் காகிதங்களில் அவன் பேர் நாளுக்கு நாள் கறுத்துத் தடித்துக்கொண்டே வந்து, கண் தெரியாதவர் விரலால் தடவி வாசிக்கிற அளவுக்கு மேடாகிவிட்டதாக ஏஜெண்டின் அலுவலகப் பையன்களே சொன்னார்கள்.

ஊர் அவனுக்கு வேறு பேர் வைத்துப் பார்த்தது. வெல்டர் என்று கூப்பிட்டார்கள்; ஒரு பகல் தாங்கியது, மறுநாள் வெல்டர் என்றாலும் கார்தான் மினுங்கியது. நெட்டையன் என்றார்கள், கொர்னேல் மகன் என்றார்கள். வைத்த பேர் எல்லாவற்றையும் கார் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. பிறகு அவனுக்குப் பேர் வைப்பதையே விட்டுவிட்டு, கையைத் தட்டினார்கள், கல்லைத் தட்டினார்கள், அவன் பக்கம் பார்த்து இருமினார்கள். பெபின் மட்டும் எப்போதும்போல "இஞ்ச பாருங்க" என்பாள், அவன் திரும்புவான். எங்கள் கரையில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை, சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். எட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரு தடவையும் சொன்னதில்லை.

சித்திரை பிறந்த மறுநாள் சுங்க அலுவலகத்து நோட்டீஸ் வந்தது. ஏஜெண்டு கொடுத்த பதிவு மனுவின் பேரில் மோட்டார் வாகன அதிகாரி வந்து காரைச் சோதித்து, இது இந்த நாட்டின் தரத்துக்கு உட்படாத வண்டி என்று எழுதி அனுப்பியிருந்தார். நோட்டீஸும் வரிசைப்படி இருந்தது. ஒன்று, ஸ்டியரிங் இடப்பக்கம். இரண்டு, முன்விளக்கின் ஒளி எதிர்த்திசையில் விழுகிறது. மூன்று, வேகம் மைலில் காட்டப்படுகிறது. நான்கு, மூன்று வருஷத்துக்கு மேல் பழசான வண்டியைக் கொண்டுவரக் கூடாது என்றிருக்க, வண்டியின் சேசிஸ் எண் அரத்தால் ராவப்பட்டு வேறு எண் அடிக்கப்பட்டிருக்கிறது, உண்மையில் வண்டிக்கு ஒன்பது வயசு. ஐந்து, எந்தச் சோதனை நிலையத்தின் தகுதிச் சான்றும் இல்லை. எனவே வண்டி பறிமுதல். ரோட்டில் ஓடத் தகாதது என்பதால் வருகிற புதன்கிழமை காலை பதினொரு மணிக்குச் சாட்சிகள் முன்னிலையில் இயந்திரத்தில் நசுக்கப்படும். பொய் விவரம் கொடுத்து இறக்குமதி செய்தவர் நேரில் வந்து வாக்குமூலம் தர வேண்டும். இறக்குமதி செய்தவர் என்ற இடத்தில் ரெமிஜியூஸின் பேர் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு நின்றது. அதை அவனிடம் கொடுத்தபோது அவன் கண்ணுக்கு அங்கே ஒரு ஓட்டைதான் தெரிந்தது.

ஏஜெண்டைத் தேடிப் போனோம். அவர் ஓடி ஒளியவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

"என் பேரு எங்கயாச்சும் இருக்கா, ஆவுடைநாயகம்? தேடிப் பாருங்க, நல்லாத் தேடிப் பாருங்க. இருந்தா நான் ஜெயிலுக்குப் போறேன்."

"இது நாயமாய்யா?" என்றார் மீராசா.

"நாயத்த விடுங்க. லாபத்தப் பாருங்க. ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போடுத கேஸு இது. பேரு இருக்கவனத்தான் உள்ள போட முடியும். இவனுக்குத்தான் பேரே இல்லையே? கார நசுக்கட்டும், கேஸும் அதோட நசுங்கிரும்."

அவர் சொன்னது எனக்கு மணியடித்ததுபோல் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். முப்பத்தாறு நாள் வேலைநிறுத்தத்தில் எங்களைப் பிடித்துக்கொண்டுபோய் ஒவ்வொரு பேராக வாசித்தபோது, நூற்றுப்பன்னிரண்டு பேரில் ஒருவன்கூட வாய் திறக்கவில்லை. யார் யார் என்று நிரூபிக்க முடியாமல் வழக்கு தள்ளுபடியானது. அன்றிலிருந்து கோரைத்துறையின் வழக்கம் அது: பேர் வாசித்தால் பேசாதே. பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்த பாடம் அது. கரும்பலகையில் நானே எழுதிப் போட்டேன்: புதன்கிழமை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எதிரி கொடுத்த யோசனையை என் யோசனையாக எழுதினேன். ஊர் அதைப் படித்துத் தலையாட்டியது.

அதற்குப் பிறகுதான் மற்றப் பேர்கள் போகத் தொடங்கின.

டீசல் அட்டைக்குப் பேர் கொடுத்திருந்த மிசியேர் லோபோவை அவன் அண்ணன் கடற்கரையில் கூப்பிட்டபோது, படகு எதுவும் இல்லாத வெறும் கடலிலிருந்து ஹாரன் சத்தம் வந்தது. மிசியேர் திரும்பவில்லை. யாருக்கோ வங்கிக் கணக்குத் திறக்கக் கையெழுத்துப் போட்ட பெண் ஒருத்தி தன் பேருக்குப் பதில் சொல்ல முடியாமல் மருத்துவமனை வரிசையில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். ஊரில் சத்தம் மாறிப்போனது. விடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவரும் தன் பேரைத் தானே சொல்லிப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுத்தால் பிள்ளைகள் உள்ளேன் என்று சொல்லிவிட்டு, சொன்னது தானா என்று பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடவே அஞ்சி, சந்தையில்கூட விரலை நீட்டி மீன் வாங்கினார்கள். யார் யார் எதெதற்குப் பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. நாங்கள் அவ்வளவு கொடுத்திருந்தோம்.

திங்கட்கிழமை மீராசா என்னை வாசலில் நின்று கூப்பிட்டார். முதலில் எனக்குத் தலைக்கு மேல் தகரக் கூரை மடமடவென்று அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, என் பேர் என் காதுக்கு வந்தது.

"என்ன அண்ணாச்சி, மொகம் வெளுத்துட்டு?" என்றார் மீராசா.

"ஒண்ணுமில்ல. காத்து," என்றேன்.

அன்றைக்குத்தான் பெபின் வந்தாள். மகளைக் கையில் பிடித்திருந்தாள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, காரை நசுக்கினா உள்ள இருக்கது என்னவாகும்?"

"உள்ள என்ன தாயி இருக்கு? பேர்தான."

"பேர்தானன்னு சொல்லித்தான வாங்கிட்டுப் போனாவ."

மேடையில் பேசுகிற குரலை எடுத்தேன்.

"வாயத் தொறந்தா ஏழு வருஷம் உள்ள போயிருவான் பெபின். நீயும் பிள்ளையும் என்ன செய்வீங்க? இப்பம் வீட்ல இருக்கான்லா, கண்ணு முன்ன இருக்கான்லா?"

"யாரு இருக்காவ?" என்றாள். "நேத்து மத்தியானம் அவிய வேலை தேடிட்டு வந்து செருப்பக் கழத்துதாவ. இவ ஓடி வந்து என் சேலையப் பிடிச்சிகிட்டு, யாரும்மா இதுங்கா. பிறவு போயி அந்தக் காரு மடில உக்காந்துகிட்டு, அப்பா இங்க இருக்காருங்கா. அவிய கேட்டுகிட்டே நிக்காவ அண்ணாச்சி. செருப்ப ஒரு கையில வச்சிகிட்டு."

ரோசிலா என்னைப் பார்த்து, "அப்பாவக் கூப்பிட்டா லைட்டுப் போடும்," என்றாள்.

"ஜெயில்ல இருந்தா மனு போட்டுப் பாக்கலாம்," என்றாள் பெபின். "மாசம் ஒருக்கப் பேரு எழுதிக் குடுத்தா கூட்டிட்டு வந்து காட்டுவாவ. கோரைத்துறைல ஜெயிலு பாக்காத வீடு எது? பேரே போனவியள எந்த வாசல்ல போயிக் கேப்பேன், யாரக் கூப்பிடுங்கன்னு சொல்லுவேன்?"

"ஊர் கட்டுப்பாடு பெபின். வாயத் தொறக்கக் கூடாதுன்னு—"

"ஒங்க போர்டப் படிச்சேன்," என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை வந்தது. நசுக்கும் இயந்திரம் துறைமுகச் சுவருக்கு உள்ளே, பழைய கப்பல் இரும்பு குவித்திருக்கும் களத்தில் இருந்தது. காரை இழுத்துவந்து அதன் வாய்க்கு நேரே நிறுத்தியிருந்தார்கள். கண்காணிப்பாளர் சதானந்தம் என்ற அதிகாரி, வழுக்கைத் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு மகஜர் எழுத உட்கார்ந்திருந்தார். வழக்கமாக வாசலில் கிடைக்கிற சாட்சிகள் அன்று ஒருவரும் கிடைக்கவில்லை. டீக்கும் வரவில்லை, பரோட்டாவுக்கும் வரவில்லை. தன் பேரை இன்னொரு காகிதத்தில் வைக்க யாருக்கும் துணிவில்லை. கடைசியில் நானும் மீராசாவும் முன்னே போனோம். நான் போனது தைரியத்தால் அல்ல. முந்தின நாள் முழுவதும் என்னை யாரும் கூப்பிட்டது என் காதில் விழவில்லை, கூரை மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

ஊர் முழுவதும் களத்தின் ஓரத்தில் நின்றது. யாரும் பேசவில்லை. வாசலருகே, வேப்பமர நிழலில், ஏஜெண்டு குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவரோடு அவருடைய அடியாட்கள் நாலு பேர் நின்றார்கள். ரெமிஜியூஸ் முன்வரிசையில், கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, எங்கே பார்ப்பது என்று தெரியாதவன்போல நின்றான்.

"இறக்குமதியாளர் ரெமிஜியூஸ் கொர்னேல்," என்று வாசித்தார் சதானந்தம்.

காரின் விளக்கு மினுங்கியது. கதவு திறந்தது. அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "முதல் முறை அழைக்கப்பட்டார், வரவில்லை" என்று எழுதினார். அவர் இதற்கு முன்பும் இப்படிப்பட்ட வண்டிகளைப் பார்த்திருக்க வேண்டும். அவர் முகத்தில் வியப்பு இல்லை.

"இறக்குமதியாளர் ரெமிஜியூஸ் கொர்னேல்."

விளக்கு, கதவு. "இரண்டாம் முறை அழைக்கப்பட்டார், வரவில்லை."

மூன்றாவது முறையும் அழைத்து ஆள் வராவிட்டால் ஆள் இல்லாமலேயே அழிக்கலாம் என்பது நடைமுறை. இயந்திரக்காரன் விசையில் கை வைத்தான். இயந்திரம் உறுமத் தொடங்கியதும் கார், மாடு அறுக்குமிடத்தில் மாடு நிற்பதுபோல, நான்கு சக்கரத்திலும் லேசாக உதறியது. அதே நொடியில் ரெமிஜியூஸ் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஏன் பிடித்துக்கொண்டான் என்று அவனுக்கே தெரியவில்லை, கையைப் பார்த்தான். நான் பார்த்தேன். ஊரும் பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை. நான் கற்றுக்கொடுத்த கட்டுப்பாடு அவ்வளவு கெட்டியாக இருந்தது. ஒரு மனிதனை எங்கள் கண் முன்னால் நசுக்கப் போகிறார்கள், நாங்கள் ஒழுங்காக, ஒற்றுமையாக, பெருமையாகப் பேசாமல் நின்றோம்.

பெபின் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். அவள் பக்கத்தில் நின்ற பெண்கள் உதட்டில் விரலை வைத்து எச்சரித்தார்கள், ஒருத்தி முந்தானையைப் பிடித்தாள். பெபின் முந்தானையை உருவிக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"யாரும்மா நீங்க?"

"வீட்டுக்காரி. அந்தப் பேர நான் வாசிக்கேன் சார்."

சதானந்தம் ஏஜெண்டு இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் மேடாக நின்ற எழுத்துகளின் மேல் விரலை வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிப்பதுபோல, எழுத்து எழுத்தாக, தன் வாழ்நாளில் முதல்தடவையாகச் சொன்னாள்.

"ரெமிஜியூஸ் கொர்னேல்."

விளக்கு மினுங்கவில்லை. எத்தனையோ வாய்களில் புழங்கி, எத்தனையோ கைகளில் கொடுபட்டுப் போன பேர் அது. அவள் வாயில் மட்டும் அது யாருக்கும் கொடுக்கப்படாமல் இருந்தது. காரின் கதவு சாத்திக்கொண்டது. இயந்திரத்தின் உறுமலுக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது.

ரெமிஜியூஸ் திரும்பினான். "என்ன பெபின்?" என்றான், கிணற்றடியில் இருந்து கூப்பிட்ட மனைவிக்குப் பதில் சொல்வதுபோல.

"அப்பா," என்று சொல்லிக்கொண்டு ரோசிலா அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

கூட்டத்தில் யாரோ அழுதார்கள். பெபின் அழவில்லை. தான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரியும். கழுத்தில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "போயி நான்தான்னு சொல்லுங்க," என்றாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் மறுபடியும் அவன் பேரைச் சொன்னாள், இந்தத் தடவை மெதுவாக. அவன் மகளைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டு மேசைக்கு வந்தான்.

"நான்தாங்க அது. கையெழுத்து என்னது. காரு என்னது இல்ல."

"யாருது?" என்றார் சதானந்தம்.

ரெமிஜியூஸ் குனிந்து அவர் காதருகே சொன்னான். அதிகாரியின் பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது.

"அந்தப் பேரு எந்தக் காகிதத்திலயும் இல்லையேப்பா."

"அதனாலதான் எழுதச் சொல்லுதோம்," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல் கேட்டது. "என் பேரையும் எழுதுங்க. பொய்ச் சான்று கொடுத்தவன் நான். யாருக்காகக் கொடுத்தேன்னு கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"ஆவுடைநாயகம்," என்று வேப்பமரத்தடியிலிருந்து ஏஜெண்டு கூப்பிட்டார். அந்தக் குரலில் மிரட்டல் எதுவும் இல்லை; அதுதான் மிரட்டல். சங்கக் கட்டடம் களத்திலிருந்து அரைப் பர்லாங்கு தூரம். அங்கே தகரம் அதிர்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

சதானந்தம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு," என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

"எல்லாருக்கும்தான் சார் இருக்கு," என்றார் மீராசா. "எழுதிட்டு ஒரு டீ குடிங்க. நானே போடுதேன். பரோட்டா வேண்டாம்."

எழுதினார். எழுதி முடித்துத் தாள்களை எங்கள் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.

"வாசிங்க," என்றேன். "வாசிக்காம போட மாட்டோம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். சத்தமா."

நாலு பேரும் வேப்பமரத்தடியை விட்டு எங்களை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். சதானந்தம் எழுந்து நின்றார். ஸ்டியரிங்கிலிருந்து தொடங்கி ஐந்து குற்றத்தையும் வாசித்தார். ஊர் நெருங்கி வந்து மேசையைச் சுற்றி நின்றது, நடந்து வந்தவர்களுக்கு வழி இல்லாமல் போனது. குற்றம் சாட்டப்பட்டோரில் முதலாம் எதிரி ரெமிஜியூஸ் கொர்னேல் என்று வாசித்தார். அவன் "ஆஜர்" என்றான், காவலர் ஒருவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் எதிரி ஆவுடைநாயகம் என்று வாசித்தார். அது நேராக, முழுசாக, என் காதில் விழுந்தது, நானும் "ஆஜர்" என்றேன். பிறகு அவர் தாளைத் திருப்பினார். மரத்தடியில் குடை மடங்கியது. எங்கள் ஊரில் யாரும் உரக்கச் சொல்லியிராத ஏஜெண்டின் பேரை, தகப்பன் பேரோடும் கதவு எண்ணோடும், சாட்சிக்கும் ஊருக்கும் கேட்கும்படி அவர் வாசித்தார்:

"மூன்றாம் எதிரி, வாகனத்தின் உண்மையான உரிமையாளர், துறைமுகச் சாலை பதினொன்றாம் எண் வீட்டில் வசிக்கும் தேவராயன் மகன் கிருபாகரன்."